சாவிக்காரருக்குக் கோர்ட் கொடுத்த நிர்வாகம்

சாவிக்காரர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவைக் குளியலறையில்தான் எடுத்தார். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, ஈரம் படாமல் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இனிமேல் நான் இப்படி வாழ மாட்டேன்" என்று மனசுக்குள் சபதம் போட்டார். சபதம் போட வேறு இடமா கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லைதான். அந்த வீட்டில் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு அது ஒன்றுதான்.

சிரிக்காதீர்கள். ஊரில் முக்கால்வாசி வீடுகளுக்குப் பூட்டு மாட்டியவர் அவர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் விழித்துக்கொண்டு நிற்பவர்கள் கடவுளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. மகன் தத்தித் தத்தி நடந்த காலத்தில் ஒருநாள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு, திறக்கத் தெரியாமல் வீறிட்டு அழுதான். இவர் கதவைத் திறந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்தார். சம்சாரம் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றாள். கழற்றினார். மகன் வளர்ந்தான், மகள் வளர்ந்தாள். வேலை, கல்யாணம் என்று இருவரும் கிளம்பிப் போனார்கள். போனவர்கள் அவ்வப்போது திரும்பி வந்தார்கள். தாழ்ப்பாள்தான் திரும்பி வரவில்லை.

அவரும் கேட்டுப் பார்க்காமல் இல்லை.

"ஏம்மா, அந்த உள் அறைக்கு ஒரு தாழ்ப்பாள் போடட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"உள்ள பூட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

இந்த இடத்தில்தான் மனுஷன் ஒவ்வொரு தடவையும் வழுக்கி விழுவார். யோசித்து யோசித்துப் பார்ப்பார். உள்ளே போய் என்ன பண்ணப் போகிறோம்? அவருக்கே தெரியவில்லை. என்னவென்றே தெரியாத ஒன்றுக்காகப் பெண்டாட்டியிடம் சண்டை போட முடியுமா, நீங்களே சொல்லுங்கள். பேசாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவார். அங்கேயும் நிம்மதி உண்டா? இதோ, சபதம் போட்டு முடிக்கவில்லை, கதவு இடிபடுகிறது.

"என்னங்க! உள்ள குளிக்கறீங்களா, குடித்தனம் பண்றீங்களா? வக்கீலம்மா வீட்டுக்குப் போகணும்னு அண்ணி வந்து உக்காந்திருக்காங்க!"

அண்ணி என்று அவள் சொன்னது சாவிக்காரரின் அக்காவை. வக்கீலம்மா விவகாரம் என்னவென்றால், சித்தப்பா காலமாகிவிட்டார்.

சித்தப்பா கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி பொருத்தித் தருகிற சின்னக் கடை வைத்திருந்தார். ஊரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் அவர் கைவேலை தொங்கும். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் சாவிக்காரர், அக்கா, தம்பி மூன்று பேருக்கும் அவர்தான் அப்பா ஸ்தானம். மனுஷன் போனதில் மூன்று பேரும் உடைந்துதான் போனார்கள். சாவிக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார். அதில் பொய் கிடையாது.

ஆனால் சித்தப்பா ஒரு வீடு விட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டில் மாடியில் ஒரு அறை இருந்தது. அந்த அறைக்கு உள்ளே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது.

அதைப் பொருத்தியது யார்? இவரேதான். "வெளிப்பக்கம் சாவித் துவாரமே வேண்டாம்டா" என்று சித்தப்பா சொன்னார். "உள்ள இருக்கறவனா பார்த்துத் திறந்தாத்தான் உண்டு. அப்படி ஒண்ணு போடு." சாவிக்காரர் தன் தொழில் திறமை அத்தனையையும் இறக்கி, கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கி, கதவு இடுக்கில் கம்பி நுழைய இடமில்லாமல் இழைத்துப் பொருத்தினார். தள்ளினால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகும். முடிவில் 'டொக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதிலிருந்து அவருக்கு வேறு எந்த ஆசையும் இல்லாமல் போயிற்று.

வக்கீலம்மாவின் அலுவலகம் மருந்துக்கடைக்கு மேலே. தம்பி வேறு ஊரில் பஸ் ஓட்டுகிறவன், ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தான். அக்கா தையல் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு வந்ததால் சேலையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. சாவிக்காரருக்குத் துணையாகச் சம்சாரமும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

"உயில் எழுதாம போயிட்டார். மனைவி, பிள்ளைங்களும் இல்லை" என்று வக்கீலம்மா ஆரம்பித்தாள். "அண்ணன் பிள்ளைங்க நீங்க மூணு பேர்தான் வாரிசு. ஆனா வாரிசா இருக்கறதால மட்டும் யாரும் நேரா போய் வீட்டைத் திறந்துட முடியாது."

"பூட்டைத் திறக்கறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைங்க" என்றார் சாவிக்காரர் அடக்கத்தோடு.

"திறக்காதீங்க சார்."

"கோர்ட்டுக்குத் தெரியாம திறந்தா உள்ள தள்ளி வெளியில பூட்டுவாங்க" என்றாள் சம்சாரம். "அந்தப் பூட்டு ரிப்பேர்னா அதுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க."

தம்பி சிரித்தான். வக்கீலம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டு மேலே சொன்னாள். "மூணு பேர்ல ஒருத்தர் கோர்ட்ல மனு போடணும். மத்த ரெண்டு பேரும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து போடணும். கோர்ட்டு அந்த ஒருத்தருக்கு நிர்வாகப் பத்திரம் கொடுக்கும். அதுக்கு அப்புறம் வீட்டுச் சாவி, கடைச் சாவி எல்லாம் அவர் கையில. அவர்தான் நிர்வாகி."

எல்லாம் அவர் கையில.

சாவிக்காரர் காது அதோடு மூடிக்கொண்டது. வக்கீலம்மா அதற்கப்புறமும் வெகுநேரம் பேசினாள். நிர்வாகி என்றால் என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன செய்யக் கூடாது, அது எதுவரைக்கும் என்று விரல் மடக்கி மடக்கிச் சொன்னாள். இவர் அங்கே இருந்தால்தானே? அவர் மாடிப்படி ஏறி, அறைக்குள் போய், தாழ்ப்பாளைத் தள்ளி, கட்டிலில் மல்லாந்து படுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் "சொத்து வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் எவன் கேட்பான்? கேட்டால் கோர்ட் பத்திரத்தைக் காட்டுவோம்.

சம்சாரம் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சாவிக்காரர் திட்டத்தைத் தீட்டிவிட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அவர் "வேணும்" என்றால் அவள் "எதுக்கு?" என்பாள். "முடியாது" என்றால் "ஏன் முடியாது?" என்பாள். அப்புறம் என்ன? முடியாது என்று சொல்ல வேண்டியதுதான். அவளே பிடித்துத் தள்ளிவிடுவாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டார்.

"என்னங்க?"

"இல்ல, அந்த நிர்வாகி வேலை. நமக்கெல்லாம் அது சரிப்பட்டு வராது."

"ஓ."

"பொறுப்பான வேலை. அலைச்சல் வேற. நான் மாட்டேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"சரி."

சாவிக்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டில் இறக்கினார்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். உங்களுக்கு இஷ்டமில்லன்னா விட்டுடுங்க. அண்ணி மனு போடட்டும். இல்லாட்டி உங்க தம்பி போடட்டும்."

"அக்கா பாவம், அவங்களுக்கு எதுக்கு அலைச்சல்? தம்பி வெளியூர்ல இருக்கான்."

"அப்ப யாருதான் பண்றது?"

"நீ என்ன நினைக்கறே? நான் பண்ணணும்னு நீ பிடிவாதமா சொன்னா, உனக்காக வேணா..."

"நான் எதுக்குப் பிடிவாதம் பண்றேன்? உங்க சித்தப்பா, உங்க குடும்பம். நான் தலையிட மாட்டேன்பா." அவள் எழுந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில், "ரெண்டாவது தடவை குழம்பு போட்டுக்கவே இல்லையே? உடம்பு சரியில்லையா?" என்று வேறு கேட்டாள்.

மூன்று நாள் மனுஷன் பேயறைந்த மாதிரி திரிந்தார். கடையில் வீட்டுச் சாவி கேட்டவருக்கு அலமாரிச் சாவி வெட்டிக் கொடுத்தார். கடைசியில் வெட்கத்தை விட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றார்.

"யோசிச்சுப் பார்த்தேன். சித்தப்பாவுக்கு நாம செய்யற கடைசிக் கடமை. நானே மனு போட்டுடறேன்."

"கடமையா?"

"கடமைதான்."

"நல்லது. அண்ணியும் தம்பியும் உங்க பேருக்குச் சம்மதம்னு கையெழுத்து போட்டாச்சு."

"எப்ப?"

"அன்னிக்கே. நீங்க ஜன்னலைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. உங்க முகத்தைப் பார்த்தே வக்கீலம்மா உங்க பேரை எழுதிட்டாங்க."

சாவிக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி பல்லைக் காட்டினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அவள். "ஜாமீன். நீங்க சொத்துல ஏதாச்சும் கோல்மால் பண்ணினா நான் பொறுப்புன்னு ஒருத்தர் எழுதிக் கொடுக்கணுமாம். சொந்த வீடு உள்ளவங்களா இருக்கணுமாம்."

"அதுக்கென்ன, ஊர் பூரா எனக்கு ஆள்!"

ஊர் பூரா இருந்த ஆட்கள் எல்லாருக்கும் அந்த வாரம் பார்த்து இடுப்பு வலியும் வெளியூர்ப் பயணமும் வந்துவிட்டன. டீக்கடைக்காரர் மட்டும் வாயைத் திறந்து உண்மை சொன்னார். "அண்ணே, உங்களுக்காக உயிரைக் கேளுங்க, தர்றேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

சாவிக்காரர் தொங்கிய தலையோடு வீட்டுக்கு வந்தார்.

"நான் நிக்கறேன் ஜாமீன்" என்றாள் சம்சாரம்.

அட, ஆமாம்! அவர்கள் குடியிருந்த வீடே அவள் பேரில்தானே இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்.

"ஆனா சும்மா நிக்க மாட்டேன். நாளைக்கு ஒரு கரண்டி காணாம போனாலும் என் வீட்டு மேலதானே வரும்? அதனால, சித்தப்பா சொத்துல உங்க பங்குக்கு எது வந்தாலும் அது என் பேருக்கு. வக்கீலம்மாகிட்ட சொல்லி எழுதி வெச்சுடணும்."

"பங்கா?" சாவிக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிர்வாகமே கைக்கு வரும்போது பங்கு எந்த மூலைக்கு? ராஜாவைப் பார்த்துக் கால் காணி நிலம் எனக்கு என்று கேட்கிற மாதிரி கேட்கிறாளே! பாவம், விவரம் தெரியாதவள். "எடுத்துக்கோம்மா. பங்கு உனக்கு. நிர்வாகம் எனக்கு."

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"ஒரு வாக்கு. ஒரே வாக்கு."

ஒரே வாக்குதான். ஒழுங்காக எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

கோர்ட்டில் சாவிக்காரர் சலவைச் சட்டையோடு நின்றார். அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். சொத்து முழுவதையும் கணக்கெடுத்துத் தருவாயா? தருவேன். சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் பத்திரமாகக் காப்பாய் அல்லவா? காப்பேன். வாரிசுகளுக்கு உரியதை ஒழுங்காகச் சேர்ப்பிப்பாயா? சேர்ப்பிப்பேன். கல்யாணத்தன்றைக்குக்கூட மனுஷன் இவ்வளவு பலமாகத் தலையாட்டியதில்லை. சிவப்பு முத்திரை குத்திய பத்திரம் கைக்கு வந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு கோர்ட் படி இறங்கினார் பாருங்கள், ஊரே அவர் நிர்வாகத்தில் வந்துவிட்ட மாதிரி ஒரு நடை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சொத்து வேலை இருக்கு. வர நேரமாகும்" என்றார்.

"இருங்க, நானும் வர்றேன்." சம்சாரம் துடைப்பமும் சாப்பாட்டு டப்பாவுமாக வந்து நின்றாள்.

"நீ எதுக்கு?"

"நான்தானே ஜாமீன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல நம்பிக்கை இருக்கு. உங்க மறதி மேலதான் இல்ல."

சித்தப்பா வீடு ஒரு பக்கம் ஒட்டடையும் ஒரு பக்கம் தூசியுமாக இருந்தது. சாவிக்காரர் எதையும் பார்க்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனார். அறைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளில் கை வைத்தார். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு துடைப்பக்கட்டை நுழைந்தது.

"இந்த அறையையும் கணக்கெடுக்கணும்ங்க. கதவைத் திறந்து வைங்க, வெளிச்சம் வரட்டும்."

கட்டிலில் உட்காரப் போனார்.

"உக்காராதீங்க!"

"ஏன், கடிக்குமா?"

"சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்க மாட்டேன்னு தலையாட்டினீங்களே. கட்டில் கால் உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

"கட்டில்ல உக்கார்றது உபயோகமா?"

"வேற எதுக்குங்க கட்டில்?"

சாவிக்காரர் விடவில்லை. வக்கீலம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டார். அந்தப் பெண், "சட்டப்படி பார்த்தா அம்மா சொல்றது சரிதான் சார். நீங்க உக்காரக் கூடாதுன்னு யாரும் கேஸ் போட மாட்டாங்க. ஆனா ஜாமீன்தாரர் ஆட்சேபிச்சா..." என்று இழுத்தாள். அதற்கு மேல் கேட்க இவருக்குத் தெம்பில்லை.

ஆக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிர்வாகி ஒட்டடை அடித்தார். நிர்வாகி ஜன்னல் துடைத்தார். நிர்வாகி சித்தப்பாவின் மரச்சட்டங்களையெல்லாம் நீளவாரியாக அடுக்கினார். நிற்கிற இடத்திலேயே, எதிலும் சாயாமல், சாப்பாட்டைத் தின்றார். கீழே விழுகிற பருக்கை மட்டும் அவருடைய சொந்தச் சொத்து.

ஒருநாள் மாடி அலமாரியைத் துடைக்கும்போது அதன் பின்னால் ஒரு படம் அகப்பட்டது. மூன்று பிள்ளைகள் வரிசையாக நிற்கிற பழைய படம். நடுவில் நிற்கிறவன் மூக்கு ஒழுக, கையில் ஒரு பெரிய பூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பூட்டை வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பா. அதைக் கழற்றிப் போட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் அழுதபோது, "அழாதேடா, திறக்கத் தெரிஞ்சவனுக்குப் பூட்டவும் வந்துடும்" என்று மடியில் வைத்துக்கொண்டவரும் அவர்தான். சட்டம் ரொம்ப நேர்த்தியாகப் போட்டிருந்தார். சாவிக்காரருக்குக் கண் மறைத்தது. துடைக்கிற துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். சித்தப்பா போய்விட்டார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அறை வாசலில் நின்ற சம்சாரம் அதைப் பார்த்துவிட்டாள். "கட்டில்ல உக்காருங்க" என்றாள். "நான் கீழ இருக்கேன்." கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அழுது முடித்து அவர் இறங்கி வரும்போது அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கை இரண்டையும் மடியில் சும்மா போட்டபடி. அவள் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. வீட்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் யாராவது கூப்பிடுவார்கள். முன்னே பிள்ளைகள். இப்போது பெரும்பாலும் இவர்.

"என்ன, தூக்கமா?"

சட்டென்று கண்ணைத் திறந்து துடைப்பத்தை எடுத்தாள். "இல்லங்க. இங்க எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க, அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

சாவிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

கணக்கெடுப்பெல்லாம் முடிந்து, கோர்ட்டிலும் ஒப்படைத்து, ஒருநாள் எல்லாரும் மறுபடி வக்கீலம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். பிரிவினை சுமுகமாகத்தான் நடந்தது. நடக்காமல் என்ன? சம்சாரம் முன்கூட்டியே எல்லாரிடமும் பேசி வைத்திருந்தாள். கடைத்தெருக் கடை தம்பிக்கு. வீட்டின் கீழ்ப்பகுதி அக்காவுக்கு. அக்கா குடியிருந்த வாடகை இடத்தை வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறேன் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அவள் தவித்தது சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?" என்றார் சாவிக்காரர்.

"நீ ஒரே நிர்வாகமா இருந்தியேடா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மாடி அறை சாருக்கு" என்றாள் வக்கீலம்மா.

சாவிக்காரரின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

"அதாவது, சார் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தபடி அம்மாவுக்கு. இதோட எல்லாம் முடிஞ்சுது சார். உங்க பொறுப்பும் தீர்ந்தது."

"தீர்ந்ததுன்னா?"

"பங்கு பிரிச்சுக் கொடுத்தாச்சு இல்லையா? அதோட நிர்வாகி வேலை முடிஞ்சுடும்."

"முடியறதா? இது ஆயுசுக்கும் இல்லையா?"

"அன்னிக்கு முதல் தடவை வந்தப்பவே சொன்னேனே சார். பிரிச்சுக் கொடுக்கற வரைக்கும்தான்னு."

சாவிக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சம்சாரத்தைப் பார்த்தார். அவள் கூரையில் சுற்றுகிற மின்விசிறியை இதுவரை பார்த்தே இராத மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி, "அண்ணே, வாக்கு கொடுத்தீங்களாமே, பங்கு அண்ணிக்கு, நிர்வாகம் உங்களுக்குன்னு" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் பாருங்கள் பஸ் ஓட்டுகிறவன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனுஷன் தான் கொடுத்த வாக்கைத் தானே திட்டிக்கொண்டு வந்தார். வாசற்படி மிதிக்கும்போதுதான் மனசு ஒரு வழியாகச் சமாதானம் ஆயிற்று. போகட்டும், யார் பேரில் இருந்தால் என்ன? இந்த வீடுகூட அவள் பேரில்தான் இருக்கிறது. நான் இங்கே சாப்பிடவில்லையா, தூங்கவில்லையா? புருஷன் பெண்டாட்டிக்குள் உன்னுது என்னுது உண்டா? அறை நம் அறைதான். தாழ்ப்பாள் நான் போட்ட தாழ்ப்பாள்தான்.

அக்கா குடிவந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புதுசாக ஒரு பேப்பர் வாங்கிக்கொண்டு, விசிலடித்தபடி சித்தப்பா வீட்டுக்குப் போனார். சம்சாரம் அண்ணிக்கு ஒத்தாசை என்று காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாள். கீழே யாரும் இல்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா தைத்த துணி கொடுக்கப் போயிருப்பாள் போல. நல்லதாகப் போயிற்று என்று சாவிக்காரர் பூனை நடை நடந்து மாடி ஏறினார். கடைசிப் படியில் கால் வைத்தார்.

'டொக்.'

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? பெற்ற பிள்ளை இருமுகிற மாதிரி அடையாளம் தெரியும். கதவைத் தள்ளிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. சாவித் துவாரம் கிடையாது. இடுக்கில் கம்பி நுழையாது. ஊரில் எந்தக் கதவையும் திறப்பவர், யாராலும் திறக்க முடியாத ஒரே கதவைத் தன் கையாலேயே இழைத்து வைத்திருந்தார்.

"யாரு உள்ள?"

"நான்தாங்க."

"என்ன பண்றே?"

"படுத்திருக்கேன்."

"உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன, உள்ள பூட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவருக்கே ஞாபகம் வந்தது. உள்ளே கட்டில் மெல்ல முனகியது. அவள் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்லங்க" என்றது குரல். இவ்வளவு நிம்மதியான குரலை இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கேட்டதில்லை. "யாரும் கூப்பிடாம கொஞ்சநேரம் சும்மா இருக்கப் போறேன். எத்தனை வருஷமா ஆசை தெரியுமா?"

அடடா, இதுதானே பதில்! இத்தனை வருஷமாக அவர் வாயில் வராமல் போன பதில் இதுதானே! சாவிக்காரருக்குக் கோபப்படத் தோன்றவில்லை. அந்த வீட்டில் தாழ்ப்பாளுக்கு ஏங்கியது தான் ஒருவன்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தார். அவளுக்கு வாளிகூடக் கிடைத்ததில்லை. கதவைத் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். அவள் அன்றைக்கு உட்கார்ந்த அதே படியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் பேப்பரைப் பிரித்தார்.

"சரிம்மா, நீ படு. எவனாவது வந்து உன்னைக் கூப்பிட்டா நான் பார்த்துக்கறேன். நிர்வாகி இங்கதான் உக்காந்திருக்கேன்."

"உக்காராதீங்க" என்றது கதவு. "நிர்வாகி கீழ போய் உலையை இறக்கிச் சோறு வடிங்க."